விரியன் என்னும் சொல்லும் மருத்துவ நெறிகளின் பொறிவடிவ வரலாறும்

ஒரு வடிவில் அமைந்த நூற்பொருளை வேறொரு வடிவிற்குக் கொண்டு செல்லுங்கால் எது நிலைபெறும், எது நழுவும் என்பது தமிழாய்வாளர்க்குப் புதிய வினா அன்று. ஓலைச்சுவடி அச்சேறிய நாளில் இவ்வினா எழுந்தது. செய்யுளுக்கு உரை கண்ட நாளிலும் எழுந்தது. இந்நாளில் அது நாம் எதிர்பாராத ஓரிடத்தில் வந்து நிற்கின்றது. இன்ன நோய்க்கு இன்ன நிலையில் இன்னது செய்க என்று மருத்துவ வல்லுநர் கூடி வகுத்த சிகிச்சை நெறிகளைக் கணிப்பொறி தானே படித்து வழிகாட்டத்தக்க வடிவிற்கு மாற்றும் முயற்சி அறுபது ஆண்டுகளுக்கு மேலாக உலகின் பல பகுதிகளில் நடந்து வருகின்றது. அவ்வரலாற்றைச் சுருங்க உரைத்து, அதில் தமிழ்ச்சொல் ஆராய்ச்சிக்கு உரிய இடம் யாது என்பதனை விழுப்புரம், திண்டிவனம் வட்டார வழக்குகள் சிலவற்றைக் கொண்டு காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மருத்துவம் எமது துறை அன்று. இதனுள் யாம் புகுந்தது தற்செயலாகவே. வட்டார வழக்குச் சொற்களைத் தொகுக்கும் பொருட்டு முதுகலை மாணவர் சிலருடன் விழுப்புரத்திற்கும் திண்டிவனத்திற்கும் இடைப்பட்ட சிற்றூர்களில் நடந்தோம். ஏர்த்தொழிற் சொற்கள், மண்வகைப் பெயர்கள் ஆகியவற்றுடன் பாம்பின் பெயர்களையும் கேட்டு எழுதினோம். நிலக்கடலைக் கொல்லையிலும் நெல் வயலிலும் இரவில் நீர் பாய்ச்சச் செல்வோர்க்குப் பாம்பின் பெயர் ஏட்டறிவு அன்று, உயிர்ச்செய்தி. எழுதிய ஏட்டை ஆரம்பச் சுகாதார நிலையத்துச் செவிலியர் ஒருவர்க்குக் காட்டினோம். அவர் ஒரு பெயரின்மேல் விரலை வைத்து, "இந்தப் பேரை மட்டும் நம்பி நான் எதையும் பதிந்துவிட முடியாது, ஐயா" என்றார். அப்பெயர் விரியன். அவர் ஏன் அங்ஙனம் கூறினார் என்பதனை அறியப் புகுந்ததன் விளைவே இக்கட்டுரை.

நெறி விதியான வரலாறு

மருத்துவர் நோயை உய்த்துணரும் முறையைத் தருக்கத்தாலும் நிகழ்தகவுக் கணக்காலும் விளக்கலாம் என 1959-ஆம் ஆண்டில் ராபர்ட் லெட்லி, லீ லஸ்டெட் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் எழுதிய கட்டுரையை இத்துறையின் தோற்றுவாயாகக் கொள்வர். அவர்கள் தந்தது கொள்கை, கருவி அன்று. கருவி 1970-க்குப் பின்னரே வந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எட்வர்டு ஷார்ட்லிஃப் என்பார் 'மைசின்' என்னும் கணிப்பொறி நிரல் ஒன்றை அமைத்தார். குருதியிலும் மூளையுறையிலும் கிருமி பற்றிய நோயாளிக்கு எம்மருந்து தகும் எனக் கூறுவது அதன் தொழில். ஏறத்தாழ 500 விதிகள் அதனுள் இருந்தன. ஒவ்வொரு விதியும் 'இன்னின்ன குறிகள் இருப்பின் இன்ன கிருமி என்று கொள்க' என்னும் யாப்பினது. 1979-இல் வெளிவந்த ஆய்வொன்றில், மூளையுறை அழற்சி கொண்ட நோயாளியர்க்கு மைசின் கூறிய மருந்தும், தொற்றுநோய்த் துறைப் பேராசிரியர்கள் கூறிய மருந்தும், கூறியவர் யார் என்று தெரியாவண்ணம் மதிப்பீட்டாளர்க்குத் தரப்பட்டன. பேராசிரியர்கள் பெற்ற ஏற்பு நூற்றுக்கு 42.5 முதல் 62.5 வரை, மைசின் பெற்றது 65. ஆயினும் அந்நிரல் நோயாளியின் கட்டிலருகே ஒருநாளும் வழக்கிற்கு வரவில்லை. மருத்துவர் அதன் வினாக்களுக்கு ஒவ்வொன்றாகத் தட்டச்சில் விடை தரவேண்டியிருந்தது; அவ்வளவு பொறுமை எந்த மருத்துவமனையிலும் இல்லை.

இதற்கிடையே 1976-இல் இந்தியானாபொலிசைச் சேர்ந்த கிளமென்ட் மெக்டொனால்டு வேறொரு வழியில் சென்றார். மருத்துவர் அறியாததைப் பொறி அறிவிக்க வேண்டுவதில்லை; அறிந்ததை மறவாமல் நினைவூட்டினாலே போதும் என்பது அவர் கருத்து. நினைவூட்டல் பெற்றபோது மருத்துவர் நூற்றுக்கு 51 இடங்களில் உரியது செய்தனர். பெறாதபோது 22 இடங்களிலேயே செய்தனர். அறியாமையினும் மறதியே பெரிது என்பதனை இவ்விரண்டு எண்களும் புலப்படுத்தின.

எனினும் ஒவ்வொரு மருத்துவமனையும் தன் விதிகளைத் தன் பொறிக்கென்றே எழுதிக்கொண்டது. ஒன்றன் விதியை மற்றொன்று பயன்கொள்ள இயலவில்லை. இக்குறையை நீக்க 1989-ஆம் ஆண்டில் நியூயார்க்கு மாநிலத்து ஆர்டன் இல்லம் என்னும் மாளிகையில் அறிஞர் கூடி ஒரு பொது இலக்கணம் வகுத்தனர். கூடிய இடத்தின் பெயரால் அஃது 'ஆர்டன் தொடரிலக்கணம்' எனப்பட்டது. 1992-இல் அமெரிக்கத் தர நிறுவனம் ஒன்றன் ஏற்பையும் பெற்றது. இடத்தின் பெயர் நூலுக்காதல் நமக்குப் புதிதன்று. திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட நிலக்கடலை வகைகள் யாவும் 'டி.எம்.வி.' என்னும் ஊர்க்குறியுடன் நாடெங்கும் வழங்குகின்றன. விதைப்பவர் பலர்க்கு அம்மூன்றெழுத்தினுள் ஓர் ஊர் இருப்பது தெரியாது.

ஆர்டன் இலக்கணத்தில் நாம் நின்று நோக்கத்தக்க இடம் ஒன்று உண்டு. அது விதியின் தருக்கப் பகுதியை எல்லா மருத்துவமனைகளுக்கும் பொதுவாக்கியது. ஆனால் விதி எச்செய்தியைக் கொண்டு இயங்க வேண்டுமோ அச்செய்தி ஒவ்வொரு மருத்துவமனையின் பதிவேட்டிலும் ஒவ்வொரு பெயரால் வழங்கிற்று. ஓரிடத்தில் 'குருதிச் சர்க்கரை' எனப்பட்டது, மற்றோரிடத்தில் வேறொரு சுருக்கக் குறியாக இருந்தது. ஆதலின் அப்பெயர்களை மட்டும் நெளிவடைப்புக்குறிக்குள் அவ்வம் மருத்துவமனையாரே எழுதிக்கொள்க என இலக்கணம் வகுத்தோர் விட்டுவிட்டனர். விளைவு யாது? ஓரிடத்தில் எழுதிய விதியை மற்றோரிடத்தில் வைத்தபோது தருக்கம் பொருந்திற்று, பெயர் பொருந்தவில்லை. அத்துறையார் இதனை 'நெளிவடைப்புச் சிக்கல்' என்றே பெயரிட்டு வழங்குகின்றனர். முப்பதாண்டு கழிந்தும் இச்சிக்கல் முற்றும் தீர்ந்திலது. வட்டார வழக்கு, பொது வழக்கு என்னும் பாகுபாட்டோடு வாழ்நாள் முழுதும் போராடும் நம்மனோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

2000-ஆம் ஆண்டில் யேல் பல்கலைக்கழகத்து ரிச்சர்டு ஷிஃப்மனும் அவர்தம் குழுவினரும் மற்றொரு முறையைத் தந்தனர். நெறிநூலின் வாசகத்தை அழியாமல் அப்படியே வைத்துக்கொண்டு, அதன் ஒவ்வொரு தொடருக்கும் 'இது நிபந்தனை', 'இது செயல்', 'இது சான்று', 'இது காரணம்' என அடையாளம் இடுவது அம்முறை. இது பொறியாளர் செயலாகத் தோன்றவில்லை; உரையாசிரியர் செயலாகத் தோன்றுகின்றது. உரையின் கூறுகளைப் பதினான்காக வகுத்த நன்னூலாரும் பாடம், கருத்து, சொற்பொருள், துணிவு, பயன் என மூலத்தை அழியாமல் அதன்மேல் ஏறும் படிகளையே எண்ணினார்.

உலக சுகாதார நிறுவனம் 2021-இல் அறிவித்த 'ஸ்மார்ட்' நெறிமுறைத் திட்டம் இவையனைத்தையும் ஓர் ஒழுங்கில் வைத்தது. நெறியானது ஐந்து படிகளைக் கடக்கும். முதற்படி வல்லுநர் எழுதிய உரைநடை. இரண்டாம் படி, மக்கள் படிக்கத்தக்கதாயினும் வினா, விடை, எல்லை, முடிவு என ஐயமற வகுக்கப்பட்ட நடைமுறை வடிவம். மூன்றாவது பொறி படிக்கும் வடிவம். நான்காவது இயங்கும் நிரல். ஐந்தாவது பட்டறிவால் தன்னைத் திருத்திக்கொள்வது. கருவுற்ற மகளிர்க்குரிய நெறி இவ்வகையில் முதலில் எழுதப்பட்டவற்றுள் ஒன்று. மூன்றாம் படிக்கு மேல் நமக்கு வேலை இல்லை. இரண்டாம் படியே இக்கட்டுரைக்கு உரிய இடம். ஏனெனில் சொல்லின் பொருள் முடிவு செய்யப்படுவது அங்கேதான்.

நூற்குற்றமும் விதிக்குற்றமும்

நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என நன்னூல் கூறும். அவற்றுள் குன்றக் கூறல், மாறுகொளக் கூறல், மயங்க வைத்தல் ஆகிய மூன்றும் இன்று மருத்துவ நெறிகளை ஆராய்வோர் தேடும் குற்றங்களோடு ஒத்திருத்தல் வியப்பிற்குரியது. நேரக்கூடிய நிலை ஒன்றிற்கு விதி கூறாமல் விடுதல் குன்றக் கூறல். ஒரே நிலைக்கு முரணான இருவிதி தருதல் மாறுகொளக் கூறல். இருபொருள்படும் சொல்லால் விதித்தல் மயங்க வைத்தல். ஷிஃப்மன் முதலியோர் இவற்றைக் கட்டம் கட்டமாக வரைந்த முடிவுப் பட்டிகளைக் கொண்டு கண்டறிந்தனர்.

இதனைக் கொண்டு கணிப்பொறி இயலையும் நம் முன்னோர் அறிந்திருந்தனர் என்று எழுதுவாரும் உளர். அது பொருந்தாது. நன்னூலார் நூல் செய்வார்க்குக் கூறினார். பொறிக்குக் கூறினார் அல்லர். ஐயமின்றி ஒழுகுதற்குரிய விதியை மொழியில் எழுத முயலும் யாவரும், எக்காலத்தவராயினும், ஒரே இடங்களில் இடறுவர் என்பதே ஒப்புமையின் காரணம்.

சிறிய எடுத்துக்காட்டு ஒன்று தருதும். கருவுற்ற பெண்ணின் குருதியில் ஈமோகுளோபின் ஒரு டெசிலிட்டருக்கு 11 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை. 7-க்குக் குறைந்தால் கடுமையானது. இதனைத் தமிழில் '7 வரை கடுமை' என எழுதினால் 7 அதனுள் அடங்குமா, அடங்காதா? 'கீழ்', 'வரை', 'உட்பட்ட' என்பன பேச்சில் ஒன்றற்கொன்று மாற்றாக வழங்குகின்றன. ஐந்தாம் வேற்றுமைக்கு நீங்கலோடு எல்லைப்பொருளையும் இலக்கணம் கூறிற்று. அவ்வெல்லை தன்னை உள்ளடக்கியதா என்பது இடம்நோக்கி அறியப்படுவது. மருத்துவர் இடம்நோக்கி அறிவார். பொறி அறியாது. தமிழகத்தில் கருவுற்றோரைப் பதியும் 'பிக்மி' என்னும் கணிப்பொறிப் பதிவேடு வழக்கிற்கு வந்தபின், கிராமச் செவிலியர் அளக்கும் எண் நேரே பொறிக்குள் செல்கின்றது. எண்ணில் ஐயம் இல்லை. எல்லைச் சொல்லில்தான் ஐயம்.

பாம்புக்கடி நெறி

இனி, செவிலியர் விரல் வைத்த இடத்திற்கு வருவோம். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுதோறும் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என 2020-இல் வெளிவந்த ஆய்வொன்று மதிப்பிட்டது. இறந்தோருள் பெரும்பாலார் சிற்றூர் மக்கள். இந்திய அரசு 2009-இல் பாம்புக்கடிக்கென நாடு முழுமைக்கும் பொதுவான சிகிச்சை நெறி ஒன்றை வெளியிட்டது. விதிவடிவிற்கு இத்துணை இயைந்த மருத்துவ நெறி வேறொன்று உண்டோ என ஐயுறும் அளவிற்கு அது தெளிவுடையது.

அதன் நடுநாயகமாக விளங்குவது இருபது நிமிடச் சோதனை. நோயாளியின் குருதியிற் சில மில்லிலிட்டர் எடுத்து, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் இட்டு, 20 நிமிடம் அசையாமல் வைத்து, பின்னர் ஒருமுறை சாய்த்துப் பார்த்தல் வேண்டும். உறையாமல் ஓடினால் நஞ்சு குருதியைத் தாக்கிற்று என்பது துணிபு. நச்சுமுறி மருந்து தரப்பட வேண்டும். உறைந்திருப்பின் முதல் மூன்று மணி நேரம் அரைமணிக்கு ஒருமுறையும், பின்னர் மணிக்கு ஒருமுறையும் மீண்டும் சோதிக்க வேண்டும். குறி ஒன்றும் இல்லாதவரையும் 24 மணி நேரம் கண்காணிக்க வேண்டும். குழந்தைக்கும் பெரியவர்க்கும் மருந்தளவு ஒன்றே. பாம்பு ஆளின் எடை பார்த்து நஞ்சு செலுத்துவதில்லை ஆதலின்.

இவ்வளவு தெளிவான நெறியினுள்ளும் ஒரு சொல் இடறுகின்றது. குழாய் 'சுத்தமாக' இருத்தல் வேண்டும் என்பர். சவர்க்காரத் தூளிட்டுக் கழுவிய குழாய் எவர் கண்ணிற்கும் சுத்தமானதே. ஆனால் அத்தூளின் எச்சம் கண்ணாடியில் படிந்திருப்பின் நஞ்சில்லாதவர் குருதியும் உறையாமல் நிற்கும், சோதனை பொய்க்கும். நெகிழிக் குழாயும் அவ்வாறே ஆகாது. ஆகவே இங்கே சுத்தம் என்பது அழுக்கின்மை அன்று. முன் பயன்படாப் புதுமை. மூலநெறி 'புதிய' என்னும் அடைமொழியைத் தந்துள்ளது. அடைமொழி சிறப்பிற்கு வந்ததா, பிறிதினியைபு நீக்க வந்ததா என்று மாணவர்க்கு நாம் கற்பிக்கும் பாடத்தின் பயன் இதனினும் தெளிவாக எங்கும் விளங்காது.

விரியன்

இந்தியாவில் மக்களை மிகுதியாகக் கொல்லும் பாம்புகள் நான்கு என்பர். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்பன தமிழில் அவற்றின் பெயர்கள். இந்நான்கின் நஞ்சையும் குதிரைக்கு ஏற்றி அதன் குருதியினின்றும் நச்சுமுறி செய்கின்றனர். அதற்கு வேண்டும் நஞ்சைத் தருவதில் 1978-இல் மாமல்லபுரத்திற்கு அருகே வடநெம்மேலியில் தோன்றிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தின் பங்கு பெரிது. திண்டிவனம் வட்டாரத்தில் எமக்குப் பாம்பின் பெயர்களை மிக நுட்பமாகக் கூறியவரும் இருளர்களே.

நான்கு பெயர்களுள் மூன்று 'விரியன்' என முடிதல் காண்க. தமிழ்–ஆங்கில அகராதிகளில் விரியன் என்பதற்கு 'வைப்பர்' எனப் பொருள் தருதல் பெருவழக்கு. கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் வைப்பர் குடும்பத்தனவே. அவற்றின் நஞ்சு பெரும்பாலும் குருதியைத் தாக்குவது. கட்டுவிரியனோ விலங்கியலார் கணக்கில் நல்ல பாம்பின் குடும்பத்தது. அதன் நஞ்சு நரம்பைத் தாக்குவது. தமிழ்ப்பெயர் பாம்பின் குடும்பத்தை நோக்கிற்றில்லை. அதனைப் பிழை என்றல் கூடாது. பெயரிட்டவர் கண்டது தோற்றத்தையும் அச்சத்தையும். பிழை, அகராதியை மட்டும் நம்பிப் பொறிக்குள் 'விரியன் என்றால் வைப்பர்' என எழுதி வைப்பவரது.

அங்ஙனம் எழுதினால் நேர்வது யாது? நச்சுமுறி நான்கிற்கும் பொதுவாதலின் மருந்து மாறிவிடாது. ஆனால் மருந்து எப்போது தரப்பட வேண்டும் என்பது மாறும். நெறிப்படி, நஞ்சேறிய குறி தோன்றினால்தான் மருந்து தரப்படும். வைப்பர் எனக் கொண்ட பொறி குருதி உறைகின்றதா என்றே கேட்டுக்கொண்டிருக்கும். கட்டுவிரியன் கடித்தவர் குருதி உறையவே செய்யும். ஒவ்வொரு சோதனையிலும் 'உறைந்தது' என்னும் விடை பதிவாகும். அதே வேளையில் அவர் கண்ணிமை சரியும், நா குழறும், மூச்சுத் தசை தளரும். இவற்றைப் பொறி கேட்டிராது. விதி குற்றமற்றது; பெயர் தவறியது. ஆர்டன் இல்லத்து அறிஞர் அடைப்புக்குறிக்குள் விட்டுச் சென்ற சிக்கல் இங்கே ஓர் உயிரின் அளவாகின்றது.

மயிலம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் முதியவர் ஒருவர் தம் இளவல் இறந்த செய்தியை எமக்குக் கூறினார். பல ஆண்டுகட்கு முன் நிகழ்ந்தது. தரையில் படுத்திருந்தவன் நள்ளிரவில் எழுந்து வயிறு வலிக்கின்றது என்றான். கடிவாய் ஒன்றும் தெரியவில்லை. சற்றுப் பொறுத்து, "தூக்கமா வருது அண்ணே" என்றான். தூங்கட்டும் என விட்டனர். கட்டுவிரியன் கடி பெரும்பாலும் நோவு தராது. வயிற்றுவலி அதன் முற்குறிகளுள் ஒன்று. தூக்கம் என்று அவன் கூறியது இமை சரிந்தமையை. இதனை எமக்கு விளக்கியவர் பின்னர் யாம் கண்ட மருத்துவர். முதியவர்க்கு யாம் அதனைக் கூறவில்லை, கூறி ஆவதென்?

அவ்வூரார் கட்டுவிரியனை 'எட்டடி விரியன்' என்றும் வழங்குகின்றனர். கடியுண்டவன் எட்டடி வைப்பதற்குள் வீழ்வான் என்பது அவர் கூறும் காரணம். மருத்துவர் கூற்று இதற்கு மாறானது. குறிகள் தோன்றப் பல மணி நேரமும் ஆகலாம். எட்டடி நடந்தும் வீழாதவன் தனக்கு நஞ்சில்லை என்று எண்ணி வீடு திரும்புதலும் உண்டு என அவர் கூறினார். பெயரே ஒரு பொய்விதியாய் நின்று ஆளை ஏமாற்றுகின்றது.

பூச்சி

விரியனினும் இடர் மிக்க சொல் ஒன்று எம் தொகுப்பில் உண்டு. இரவில் பாம்பின் பெயரை வாய்விட்டுக் கூறலாகாது என்பது சிற்றூர் வழக்கு. 'பூச்சி' என்பர், கடித்தது என்னாது 'தீண்டிற்று' என்பர், சிலர் 'ஏதோ தொட்டுவிட்டது' என்பர். இலக்கணத்தார் இதனைத் தகுதி வழக்கினுள் அடக்குவர். மங்கலம், இடக்கரடக்கல், குழூஉக்குறி என்னும் மூன்றனுள் மங்கலத்தின்பாற்படும். நல்ல பாம்பு என்னும் பெயரும் அவ்வழிப்பட்டதே.

நோய்களுக்கு எண்குறி தரும் உலகப் பட்டியலின் பத்தாம் பதிப்பில் பாம்பின் நஞ்சிற்குரிய குறி 'டி 63.0', தேள், சிலந்தி நீங்கலான பூச்சி முதலியவற்றின் நஞ்சிற்குரிய குறி 'டி 63.4'. இடையே ஓர் இலக்க வேறுபாடு. நள்ளிரவில் மகனைத் தூக்கிவரும் தாய் "பூச்சி கடிச்சிருச்சு" என்கின்றாள். கேட்பவர் அவ்வூரார் ஆயின் முகத்தைப் பார்த்தே பொருள் உணர்வார். வேற்றூரிலிருந்து புதிதாக வந்தவர் ஆயின்? தாயின் சொல்லை அப்படியே எழுத்தாக்கிக் குறியிடும் பொறி ஆயின்? தாய் மங்கல வழக்கில் பேசினாள். பொறி இயல்பு வழக்கில் கேட்டது. எண்குறியும் ஒருவகைக் குழூஉக்குறியே. அக்குழுவினர்க்கும் அத்தாய்க்கும் இடையே சொல்லறிந்தார் ஒருவர் நிற்றல் வேண்டும்.

2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாக்கியது. அதன்படி மருத்துவமனைகள் பாம்புக்கடியையும் அதனால் நேரும் இறப்பையும் அரசுக்குத் தெரிவித்தல் கடமையாயிற்று. மருந்தை எங்கு எவ்வளவு வைப்பது என்பதும் இப்பதிவுகளைக் கொண்டே காணப்படும். பூச்சியாகப் பதிந்த பாம்பு கணக்கிலும் இல்லை. மருந்துப் பங்கீட்டிலும் இல்லை.

சித்த மருத்துவ ஏடுகள்

தமிழ் மருத்துவ நூல்கள் பொறிக்குள் புகுந்த வரலாறு வேறு நோக்கில் தொடங்கிற்று. புண்ணாற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு அமெரிக்காவில் 1995-இல் தரப்பட்ட காப்புரிமை, இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் எதிர்த்ததன்மேல் 1997-இல் நீக்கப்பட்டது. அதன் பயனாக 2001-இல் மரபறிவு எண்ணிம நூலகம் தொடங்கப்பெற்று, ஆயுர்வேத, யுனானி நூல்களுடன் சித்த நூல்களின் மருந்துமுறைகளும் ஆங்கிலம், பிரெஞ்சு, செருமன், ஸ்பானியம், சப்பானியம் ஆகிய ஐந்து மொழிகளில் வகைப்படுத்தி வைக்கப்பட்டன. 2024 சனவரியில் உலக நோய்ப் பட்டியலின் பதினோராம் பதிப்பிற்குச் சித்தம் உள்ளிட்ட இந்திய மருத்துவ முறைகளின் நோய்ப்பெயர்களும் ஒரு பகுதியாக வகுத்து வெளியிடப்பட்டன.

இவற்றைப் பற்றித் தனியே எழுத வேண்டும். ஈண்டு ஒன்று மட்டும் கூறுவோம். திரிகடுகம் என்றால் சுக்கு, மிளகு, திப்பிலி என்பது மாணவர் அறிந்தது. ஒரு பெயரை மூன்றாக விரித்தால் பொறிக்குப் போதும். சித்தர் பாடல்களின் மறைமொழி அத்தகையது அன்று. குருவழி வந்தார்க்கன்றி விளங்காதவாறு ஒன்றன் பெயரால் மற்றொன்றைக் கூறுதல் அந்நூல்களின் வழக்கம். பொறிவடிவமோ எவர்க்கும் ஒருபடித்தாய் விளங்குதலையே வேண்டுவது. மறைத்தற்கென எழுதியதை வெளிப்படுத்தற்கென மாற்றுவோர், எப்பாடத்தை எவர் கூற்றால் இப்பொருளில் கொண்டனர் என்பதனை உடன் எழுதி வைத்தல் வேண்டும். 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் சமணக் கருத்துகளைக் கும்பகோணத்துச் சமணரிடம் கேட்டறிந்தார். கேட்டறிந்ததை மறைக்கவும் இல்லை. பதிப்பின் நம்பகம் அதனால் கூடிற்றே அன்றிக் குறையவில்லை.

செய்யத்தக்கது

மேற்கூறிய ஐந்து படிகளுள் இரண்டாம் படிக்கென வட்டாரச் சொற்பட்டி ஒன்று வேண்டும் என்பது எம் துணிபு. அது நோய்ப்பெயர் அகராதி ஆகாது. நோயாளி வாயில் வரும் தொடர், அது வழங்கும் ஊர், வழங்குவோர், அதற்குரிய பல்வேறு பொருள்கள், பொருளைத் துணியக் கேட்க வேண்டிய அடுத்த வினா ஆகியவற்றைக் கொண்டதாய் இருத்தல் வேண்டும். 'மயக்கம்' என்னும் ஒரு சொல்லையே எடுத்துக்கொண்டால், தலைச்சுற்றல், அறிவிழத்தல், குமட்டலோடு வரும் தளர்ச்சி, வெறி எனப் பொருள் விரிகின்றது. இவற்றுள் எது என்பதனைப் பொறி தானே தேர்தல் கூடாது, 'கீழே விழுந்தீர்களா?' என்று கேட்டல் வேண்டும். 'தூக்கம்' என்பதற்கு எதிரே 'இமையை உயர்த்த முடிகின்றதா?' என்னும் வினா நிற்றல் வேண்டும். 'பூச்சி' என்பதற்கு எதிரே என்ன வினா நிற்பது என்பதில் எமக்கும் மாணவர்க்கும் நெடுநேரம் வழக்கு நிகழ்ந்தது. 'பாம்பா?' என்று நேரே கேட்டால், பெயர் கூற அஞ்சுவோர் இல்லை என்று விடுதலும் கூடும். இறுதியில் அச்செவிலியரையே வினவினோம். "நான் அப்படிக் கேட்பதில்லை. 'நீளமானதா?' என்று கேட்பேன்" என்றார். அவ்வினாவையே பட்டியில் எழுதினோம்.

இதுகாறும் தொகுத்தவை விழுப்புரம்–திண்டிவனம் சாலைக்கு இருமருங்கிலும் உள்ள ஊர்களின் சொற்களே. மரக்காணத்துக் கடற்கரை இன்னும் எஞ்சியுள்ளது. வலையோடு ஏறிவரும் கடற்பாம்புகளுக்கு மீனவர் வழங்கும் பெயர்கள் எம் ஏட்டில் இல்லை. இந்திய நச்சுமுறியும் நான்கு நிலப்பாம்புகளின் நஞ்சினின்றே செய்யப்படுவது. அப்பெயர்களைத் தொகுக்க மாணவர் இருவர் அடுத்த பருவத்தில் அங்குச் செல்கின்றனர்.